ட்வார்ஃப் நகரத்தில் யார் நெருப்பு மூட்டலாம்? கேம்களில் பழகிப்போன இனங்களுக்குப் பண்பாடு எழுதும் முறை

நான் கேம்களுக்குக் கதை எழுதுகிறவன். முதல்முறை ஒரு ட்வார்ஃப் நகரத்தை, அதாவது கற்பனைக் கதைகளில் மலைக்குள் வாழும் குள்ள இனத்தின் நகரத்தை, எழுதும் பொறுப்பு வந்தபோது நாற்பது பக்கம் எழுதினேன். அரச வம்சம், பன்னிரண்டு குலங்கள், மூன்று பெரும் போர்கள், காணாமல் போன ஒரு கிரீடம். எல்லாம் கோடெக்ஸில், அதாவது கேமுக்குள்ளேயே திறந்து படிக்கும் குறிப்பேட்டில், ஏறியது. டெஸ்ட் நாளன்று விளையாடுகிறவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் கோடெக்ஸை ஒருமுறை திறந்தார், கடகடவென்று கீழே தள்ளினார், மூடிவிட்டார். நேராகக் கொல்லனிடம் போய்க் கோடரி வாங்கினார். முடிந்ததும், "ட்வார்ஃப்ங்க எப்படி இருந்தாங்க?" என்று கேட்டேன். "தாடி, சுத்தியல், பீர். எப்பவும் போலத்தான்" என்றார்.

அவர் சொன்னது சரி. நாற்பது பக்கத்திலும் வரலாறு இருந்தது. ஒரு நாள் வாழ்க்கை இல்லை. அந்தப் பன்னிரண்டு குலங்களில் ஏதாவது ஒரு குலத்துப் பெண் தூங்கி எழுந்ததும் முதலில் என்ன செய்வாள் என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

அதன்பிறகு வேலை முறையை மாற்றிக்கொண்டேன். அரசர்களையும் போர்களையும் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். அந்த உடம்பையும் அந்த இடத்தையும் பற்றி மறுக்க முடியாத ஒரே ஒரு உண்மையை எடுத்துக்கொள்வேன். அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய், அவர்கள் தங்களுக்குள்ளேயே எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்கிற இடம்வரை வருவேன். அதற்கு முன் நிறுத்துவதில்லை. ஊரில் எல்லோரும் ஒரே மாதிரி நினைக்கிறார்கள் என்றால் விளையாடுகிறவருக்கு அங்கே செய்ய ஒன்றும் இருக்காது.

முதலில் நிலமும் பொழுதும்

தமிழ் படித்தவர்களுக்கு இதற்கான கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறது. தொல்காப்பியம் திணையை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரிக்கிறது. முதல் என்பது நிலமும் பொழுதும். கரு என்பது அந்த நிலத்தில் உள்ளவை: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். உரி என்பது அங்கே வாழ்கிறவர்களின் மனநிலை. கேம் எழுதுகிறவர்களில் பலர் கருப்பொருளில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். ஒரு கடவுள் பெயர், ஒரு பானம், ஒரு ஆயுதம், ஒரு முரசு. ஒன்றுக்கொன்று ஒட்டாது. அந்தக் கடவுளை எல்ஃபுக்கும் (நீண்ட ஆயுள் கொண்ட காட்டு இனம்) முரசை ஆர்க்குக்கும் (கோரைப்பல் வைத்த முரட்டு இனம்) மாற்றிக் கொடுத்தாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

நிலத்தைக் கேட்டுவிட்டு வாருங்கள். பொழுதையும் கேளுங்கள். மலை, காடு, பாலை என்று நிலத்தை ஓரளவு எல்லோருமே யோசிக்கிறார்கள், பொழுதைத்தான் விட்டுவிடுகிறார்கள். சூரியனே எட்டாத இடத்தில் காலை என்பது எது? ஆயிரம் வருடம் வாழ்கிறவளுக்குச் 'சீக்கிரம்' என்றால் எத்தனை நாள்? இந்த இரண்டு கேள்விகளிலேயே பாதி இனம் பிறந்துவிடும்.

மலைக்குள் காற்று எங்கிருந்து வருகிறது

ட்வார்ஃப் நகரம் என்றால் மலையின் வயிற்றுக்குள் ஆயிரக்கணக்கான பேர், இரவு பகலாக எரியும் உலைகள். எத்தனையோ கேம்களில் பார்த்துவிட்டோம். இரண்டாம் முறை எழுத உட்கார்ந்தபோது ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டேன்: அத்தனை பேருக்கும் அத்தனை உலைக்கும் காற்று எப்படி வருகிறது?

சுரங்கங்களைப் பற்றித் தேடிப் படித்தேன். நாம் இழுக்கும் மூச்சில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். அது 16, 17 என்று இறங்கும்போது மெழுகுவத்தி அணைந்துவிடும். பக்கத்தில் இருக்கிற ஆள் அப்போதும் நினைவோடுதான் இருப்பார். அதனால்தான் விளக்கு அணைவதைச் சுரங்கத் தொழிலாளிகள் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுக் காற்றைக் கண்டுபிடிக்க 1986 வரை கானரிக் குருவிகளை வைத்திருந்தார்கள். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு கனம், பள்ளத்தில் போய்த் தேங்கும். இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம் நாய்க் குகை என்றே பெயர் பெற்ற குகை ஒன்று உண்டு. நிமிர்ந்து நிற்கிற மனிதருக்கு ஒன்றும் ஆகாது. தரையோடு நடக்கிற நாய் மயங்கி விழுந்துவிடும்.

அந்தக் குகையைப் பற்றிப் படித்த இடத்தில் நின்றுவிட்டேன். ட்வார்ஃப் குட்டையான உடம்புக்காரன். அவன் மூக்கு நம் மூக்கைவிடத் தரைக்குப் பக்கம். அவன் குழந்தையின் மூக்கு இன்னும் பக்கம். எனக்கு வேண்டிய உண்மை கிடைத்துவிட்டது. மீதியெல்லாம் அதை இழுத்த வேலைதான்.

நெருப்பு மூட்டுகிறவன் ஊர் மூச்சைச் செலவழிக்கிறான். ஆகவே வீட்டுக்கு வீடு அடுப்பு இருக்க முடியாது. தெருவுக்கு ஒரு அடுப்பு, அதுவும் முறை வைத்து. கொல்லன் இரும்பைக் காய்ச்சுவதற்கு முன்னால் ஊரிடம் அனுமதி கேட்க வேண்டும். அவன் அடிக்கும் ஒவ்வொரு வாளுக்கும் நகரம் மூச்சில் விலை கொடுத்திருக்கிறது. ட்வார்ஃப் ஆயுதத்தை விலை பேசி வாங்க முடியாமல் இருப்பதற்கு எனக்கு இதைவிட நல்ல காரணம் கிடைத்ததில்லை.

பிறகு பீர். அதை எடுத்துவிடலாமா என்று முதலில் யோசித்தேன். ஆனால் நெருப்பில்லாமல் தானியத்தைச் சாப்பிடும்படி ஆக்க ஒரு வழி, புளிக்க வைப்பது. மேலே இருந்து வணிகத்தில் வரும் தானியம் கெடாமல் இருக்கவும் அதுவே வழி. அப்படியென்றால் பீர் அவர்களுக்குக் கேளிக்கை கிடையாது, சாப்பாடு. இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. புளிக்கும்போது அதே கனமான வாயு கிளம்பி, கீழே இறங்கித் தேங்கும். ஊருக்குச் சோறு போடுகிற இடம்தான் ஊரில் குழந்தைகளைக் கொல்லக்கூடிய இடம். அதனால் புளிப்பறைப் பக்கம் போகிறவர்கள் விளக்கை முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு போவார்கள். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொள்வார்கள். நாளடைவில் ஒருவரைத் தோளில் தூக்குவதே அவர்களிடம் பெரிய மரியாதையாகிவிட்டது: மணமகளைத் தூக்குவார்கள், கடன் தீர்ந்தவனைத் தூக்குவார்கள். விடைபெறும்போது "சுடர் நிற்கட்டும்" என்பார்கள். "மூச்சுத் திருடன்" என்று திட்டினால் கத்தியை உருவிவிடுவார்கள்.

பொழுதுக்கு வருகிறேன். மலைக்குள் விடியல் கிடையாது. காற்றை உள்ளே தள்ளும் பெரிய துருத்திகளை ஆட்கள் முறை மாற்றி மிதிக்கிறார்கள். அந்த முறைதான் அவர்களுக்கு நேரம். "ரெண்டு துருத்தி கழிச்சு வா" என்பார்கள். துருத்தி மிதிக்கிறவர்கள் நினைத்தால் முறையைக் கொஞ்சம் நீட்டலாம், குறைக்கலாம். அதாவது காலத்தையே நீட்டலாம், குறைக்கலாம். அரசனைவிட அவர்களுக்குச் செல்வாக்கு அதிகம் என்பதை நான் முடிவு செய்யவில்லை. கணக்குப் போட்டால் அப்படித்தான் வருகிறது.

இறந்தவர்களை என்ன செய்வது? எரித்தால் மூச்சு போகும். உள்ளேயே புதைத்தால் அழுகும் வாடை, கெட்ட காற்று. மேலே கொண்டுபோய் வெயிலில் வைத்துவிட்டு வருகிறார்கள். அப்படியானால் மலைக்கு வெளியே இருக்கும் உலகம் முழுவதும் அவர்களுக்குச் சுடுகாடு. வாசல் வழியாக உள்ளே வருகிற மனிதர், அதாவது விளையாடுகிறவர், செத்தவர்கள் இருக்கும் பக்கத்திலிருந்து நடந்து வருகிறார். கிழவிகள் அவரைத் தொடத் தயங்குகிறார்கள். ஒரு சிறுவன் ஓடி வந்து, தன் தாத்தாவை அங்கே பார்த்தாயா என்று கேட்கிறான். இந்த ஒரு வரிக்காக நான் பழைய நாற்பது பக்கத்தையும் கொடுத்துவிடுவேன்.

தாடியை விடவில்லை. பாறைத் தூசிக்கு ஈரத் தாடியை மூக்கின்மேல் இழுத்துக் கட்டிக்கொள்கிறார்கள். ஆகவே நீண்ட தாடி உழைப்பாளியின் அடையாளம். மழித்த முகம் வேலை செய்யத் தேவையில்லாதவனுடையது.

இனி சண்டை. இளைஞர்கள் சிலர் மலை உச்சிக்கு ஒரு புதிய காற்றுத் துளை வெட்ட வேண்டும் என்கிறார்கள். வெட்டினால் வீட்டுக்கு வீடு அடுப்பு வைக்கலாம், துருத்தி மிதித்து நெஞ்சு வெடிக்க வேண்டாம். ஆனால் துளை திறப்பது செத்தவர்களின் உலகத்தை நோக்கி. அந்தக் காற்றையா நம் குழந்தைகள் இழுப்பது என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். துருத்திக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய கவலை, செல்வாக்கு போய்விடும். அதை வெளியே சொல்லாமல் பெரியவர்கள் பக்கம் நிற்கிறார்கள். மூன்று தரப்பிலும் நியாயம் இருக்கிறது. எனக்குக் குவெஸ்ட், அதாவது விளையாடுகிறவருக்குக் கொடுக்கும் பணி, கிடைத்துவிட்டது.

எல்ஃப்: பாட்டன், பூட்டன், ஓட்டன், அதற்கு மேல்?

எல்ஃப் என்றதும் அழகு, வில், சோகம் என்று எழுதிவிடுகிறோம். நீண்ட ஆயுளை ஒரு அலங்காரமாக வைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஆயுள் ஆயிரம் வருடம், நூறு வயதில் ஒரு குழந்தை. ஒரே நேரத்தில் பத்துத் தலைமுறை உயிரோடு இருக்கும். தமிழில் பாட்டன், பூட்டன், ஓட்டன் வரை வருகிறோம். அதற்கு மேல் அன்றாடப் பேச்சில் நமக்குச் சொல் தேவைப்படவில்லை. அவர்களுக்குப் பத்துச் சொல் வேண்டும், பத்துப் பேரும் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சொத்து யாருக்கும் வந்து சேராது. முந்நூறு வயதிலும் அப்பாவிடம் அனுமதி கேட்க வேண்டும். அந்த அப்பா அவருடைய அப்பாவிடம் கேட்க வேண்டும். இதைச் சமாளிக்க என் எல்ஃபுகள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள்: ஐந்நூறு வயதானால் வீட்டையும் பெயரையும் விட்டுவிட்டுக் காட்டுக்குள் போய்விட வேண்டும். அவர்கள் காட்டைக் காப்பதற்குக் காரணம் இதுதான். மரத்தை வெட்ட வருகிறவன் அவர்களின் தாயும் தந்தையும் இருக்கும் இடத்தில் கோடரி வைக்கிறான். போக மறுத்து வீட்டிலேயே இருந்துவிட்ட ஐந்நூற்றைம்பது வயதுக்காரர்கள்தான் அந்த இனத்தின் உள்சண்டை. வெளியே தள்ள யாருக்கும் மனம் வராது. உட்கார வைத்துச் சோறு போடவும் கோபம் விடாது.

இப்படி யோசித்த பிறகு டயலாக் தானாக மாறுகிறது. விளையாடுகிறவரை முதன்முறை பார்க்கும் எல்ஃப் கிழவி, "நிலையற்ற மானிடனே" என்று தொடங்க மாட்டாள். "உன் தாத்தாவோட மூக்கு அப்படியே உனக்கு. பாலத்துக்கு அவர் ஆறு மரம் தரேன்னார். இன்னும் வரலைப்பா" என்பாள்.

ஆர்க்: குணத்தைப் பிறப்பில் வைக்காதீர்கள்

ஆர்க் இனத்தைத்தான் மிகவும் கவனமாகத் தொட வேண்டும். 1974-இல் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தபோது ஆர்க் வெட்டுவதற்கென்றே இருந்த கூட்டம். 2002-இல் வார்கிராஃப்ட் 3 என்ற கம்ப்யூட்டர் கேம் அவர்களை ஊர் இழந்து புதிய நிலம் தேடுகிறவர்களாகக் காட்டியது. 2024-இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிநூல் 'இனம்' என்ற சொல்லையே விட்டுவிட்டு 'உயிர்வகை' என்கிற பொருளில் வேறு சொல்லை வைத்தது. அதில் ஆர்க்கும் விளையாடுகிறவர் தேர்ந்தெடுக்கும் வகைகளில் ஒன்று. பிறவியிலேயே கெட்டவர்கள் என்று ஒரு கூட்டத்தைக் காட்டுவது கதைக்கும் வறட்சி, மனசுக்கும் ஆகாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

இதைத் திருத்தப் போகிறவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. உலகத்தில் உண்மையாகவே வாழ்கிற ஏதோ ஒரு மக்களின் சடைப்பின்னல், எலும்பு மாலை, முகச்சாயம் எல்லாவற்றையும் எடுத்து ஆர்க்குக்குப் போட்டு 'வீரமிக்க பழங்குடி' ஆக்கிவிடுவார்கள். அந்த மக்களில் ஒரு பெண் உங்கள் கேமை விளையாடினால், தன் பாட்டியின் மாலையைக் கொம்பும் கோரைப்பல்லும் வைத்த உருவத்தின் கழுத்தில் பார்ப்பாள். உடுப்பை எடுக்காதீர்கள். ஒரு வழக்கம் எதனால் உண்டாகிறது என்கிற காரணத்தை மட்டும் கற்றுக்கொண்டு, புது உடம்புக்கும் புது நிலத்துக்கும் அதே கேள்வியைப் போடுங்கள்.

என் ஆர்க்குகள் எட்டு வயதில் ஆளாகி முப்பத்தைந்தில் கிழவர்கள். தொழில் தெரிந்தவர் சீக்கிரம் செத்துப்போவதால் எந்தத் தொழிலையும் குறைந்தது மூன்று பேர் அறிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். ரகசியமாக ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பது அவர்களிடம் குற்றம். மனிதர்களோடு செய்த உடன்படிக்கை இருபது வருடத்தில் காலாவதி, ஏனென்றால் அதில் கையெழுத்துப் போட்டவர் ஒருவரும் அப்போது உயிரோடு இல்லை. மனிதர்கள் இதைத் துரோகம் என்கிறார்கள். பக்கத்துக் காட்டிலோ ஆறு மரத்தை மறக்காத கிழவி இருக்கிறாள். மூன்று ஆயுள்களை ஒரே எல்லையில் வைத்தால் போருக்கு வில்லன் தேவைப்படாது.

பெயர்கள்

நடுநடுவே ஒற்றைக் குறி போட்ட, வாயில் நுழையாத பெயர்களை விட்டுவிடுங்கள். ஒலிக்கு இரண்டு விதி வைத்தால் போதும். தமிழே வழி காட்டுகிறது. ரகரமும் லகரமும் தமிழ் மரபில் சொல்லுக்கு முதலில் வராது; ராமன் இராமன் ஆனான், லோகம் உலகம் ஆனது. வல்லின மெய்யில் சொல் முடியாது. பேச்சில் புக் புக்கு ஆகிவிடுகிறது. அதேபோல உங்கள் இனத்துக்கும் ஒரு தடை வையுங்கள். என் ட்வார்ஃப் பெயர்களில் ஹ ஒலியும் நீண்ட நெடில் முடிவும் கிடையாது, மூச்சை வீணாக்கும் ஒலிகள் என்பதால். மனிதப் பெயரை அவர்கள் சொல்லும்போதும் நெடிலைக் குறுக்கியே சொல்வார்கள். தன் பெயரை யாரோ தப்பாகக் கூப்பிடும்போது விளையாடுகிறவர் ஒரு அந்நிய ஊரில் இருப்பதை உணர்வார்.

கேமுக்குள் கொண்டுபோவது

இதுவரை சொன்னது எதையும் கோடெக்ஸில் எழுதக் கூடாது. விளையாடுகிறவரின் கைக்கு எட்ட வேண்டும். 2017-இல் வந்த டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2-இல் எல்ஃப் செத்தவர்களின் சதையைத் தின்றால் அவர்களின் நினைவு அவளுக்கு வந்துவிடும். விளக்கம் படிக்க வேண்டாம்; நீங்களே தின்று பார்க்கிறீர்கள். ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்ற கேமில் எல்ஃப் வணிகர்களிடம் மரச்சாமானை நீட்டினால் அவர்கள் மனம் புண்படுவார்கள். அதைச் செய்து பார்த்தவர் இனி மறக்க மாட்டார். எல்டர் ஸ்க்ரோல்ஸ் கேம்களில் வனத்து எல்ஃபுகள் தங்கள் காட்டின் செடிகொடிக்குத் தீங்கு செய்வதில்லை என்று உடன்படிக்கை செய்துகொண்டவர்கள், அதனால் இறைச்சி தின்கிறவர்கள். மரத்தை நேசிக்கிறவர் என்கிற பழைய வழக்கத்தைக் கடைசிவரை இழுத்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல எடுத்துக்காட்டு.

நாங்கள் செய்தது சிறியது. விளையாடுகிறவர் கையில் எப்போதும் ஒரு தீவட்டி இருக்கும். ட்வார்ஃப் மண்டபத்தில் அது எரிந்தால் சுவர் விளக்குகளின் சுடர் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். தாய்மார் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொள்வார்கள். எங்கும் எழுத்து வராது. வாசல் காவலன் மட்டும் ஒரு வரி சொல்வான். பழைய கேமில் அவன், "வருக வீரனே, எம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய கதவு இது" என்று தொடங்குவான். இப்போது, "தீவட்டி வேணுமா உனக்கு? இன்னிக்கு எங்க தெருவுக்குச் சமையல் முறைப்பா" என்கிறான்.

டெஸ்ட் நாளில் மறுபடியும் பின்னால் நின்றேன். விளையாடிய பெண் காவலனை ஸ்கிப் செய்துவிட்டுத் தீவட்டியோடு உள்ளே நடந்தார். இரண்டு கடைகளைப் பார்த்தார். சுடர்கள் சிறுத்தன. ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். அவர் விரல் பட்டன்மேல் நின்றது. தூக்கிய குழந்தையைப் பார்த்தார், தன் தீவட்டியைப் பார்த்தார், அணைத்தார். சுடர்கள் மெல்ல நிமிர்ந்தன. அதன்பிறகு அந்த நகரத்தில் இருந்தவரை அவர் அதை ஏற்றவேயில்லை.

எழுதும்போது ஒரு இடத்தை வெறுமையாகவும் விடுங்கள். எங்கள் நகரத்தில் ஏழாவது மண்டபம் அடைத்துக் கிடக்கிறது. கொல்லனைக் கேட்டால் அங்கே முன்பு ஒரு உலை எரிந்தது என்பான். துருத்திக்காரர்கள் புளிப்பறை என்பார்கள். கிழவி பதில் சொல்லாமல் விளக்கை முழங்காலுக்கு இறக்கிக்கொள்வாள். எது உண்மை என்று குழுவில் என்னைப் பலமுறை கேட்டுவிட்டார்கள். நான் முடிவு செய்யவில்லை. அந்தச் சிறுவன் வளர்ந்து அந்தக் கதவைத் திறந்தால் பார்த்துக்கொள்ளட்டும்.